காரைக்குடித் தண்ணீரும் இரண்டு லட்ச ரூபாய் எஸ்பிரெசோ மெஷினும்: நல்ல காபி எங்கே தவறுகிறது?

வெளிநாட்டிலும் பெருநகரங்களிலும் இருக்கும் பிள்ளைகள் வழியாகச் செட்டிநாட்டு அடுப்படிகளுக்குள் விலை உயர்ந்த எஸ்பிரெசோ மெஷின்கள் நுழைகின்றன. கஃபேயில் குடித்த அதே காபியை வீட்டிலும் குடிக்கலாம் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். முதல் சில நாள் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் புளிக்கிறது, மறுநாள் கசக்கிறது. சில மாதம் போனால் நீராவி வலு குறைகிறது. "இத்தனை விலை கொடுத்தும் பித்தளை ஃபில்டர் காபிக்கு ஈடாகவில்லையே" என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

பெரும்பாலும் மெஷினில் குறை இருப்பதில்லை. அதற்குள் போகிற தண்ணீர், மின்சாரம், காபிக் கொட்டை ஆகிய மூன்றில்தான் குறை இருக்கும். இவற்றில் முதல் இரண்டும் ஊரைப் பொறுத்தவை. மிலானில் எழுதப்பட்ட கையேடு காரைக்குடிக் கிணற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

## எஸ்பிரெசோ என்றால் என்ன?

நம் ஃபில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டும் தூளுக்குள் இறங்குகிறது. டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். எஸ்பிரெசோவில் வெந்நீரை ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில், மிக நைசாக அரைத்த தூளின் வழியே தள்ளுகிறோம். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் என்பதை நினைத்தால் 9 பாரின் வலு புரியும். 25 முதல் 30 விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். நேரம் இவ்வளவு குறைவாக இருப்பதால் சிறு மாறுதல்கூட நாக்கில் தெரிகிறது. தூள் ஒரு கிராம் கூடினாலும் சூடு இரண்டு பாகை (டிகிரி செல்சியஸ்) குறைந்தாலும் அது வேறு காபி.

இந்த அழுத்தத்தை எட்ட நெடுநாள் ஆனது. 1884இல் டூரின் நகரத்தில் ஆஞ்சலோ மொரியோண்டோ காப்புரிமை பெற்ற கருவியும், 1901இல் லூயிஜி பெட்சேரா காப்புரிமை பெற்ற கருவியும் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்தன. அது 9 பாருக்குப் பக்கத்திலேயே வராது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கில்லே காஜியாவின் நெம்புகோல் மெஷின்தான் அழுத்தத்தை உயர்த்தி, காபியின் மேல் பொன்னிற நுரையைக் கொண்டுவந்தது. அந்த நுரைக்குப் பெயர் கிரேமா. 1961இல் ஃபயேமா நிறுவனம் வெளியிட்ட ஈ61 மெஷின், அழுத்தம் தருகிற வேலையைக் கையிலிருந்து மோட்டார் பம்புக்கு மாற்றியது. இன்றும் பல உயர்தர வீட்டு மெஷின்களின் முகப்பில் இருப்பது, காபி இறங்குகிற அந்த ஈ61 தலைப்பகுதியின் வடிவம்தான்.

## கொடுத்த விலைக்கு என்ன கிடைக்கிறது?

சூடும் அழுத்தமும் மாறாமல் இருப்பது, அவ்வளவுதான். ருசியை மெஷின் உண்டாக்குவதில்லை. தனக்குள் வந்ததை நேற்றுப் போலவே இன்றும் நடத்தும், அதுதான் அதன் திறமை. விலை குறைந்த மெஷினில் சூடு தன்பாட்டில் ஏறி இறங்குவதால் மற்றப் பிழைகள் அதற்குள் மறைந்துவிடும். நல்ல மெஷினில் மறைய இடமில்லை.

வீட்டு மெஷின்கள் பாய்லரைப் பொறுத்து மூன்று வகை.

1. ஒற்றை பாய்லர்: காபிக்கும் நீராவிக்கும் ஒரே பாய்லர். காபி இறக்கிய பின் பால் காய்ச்சக் காத்திருக்க வேண்டும்.
2. வெப்பமாற்றி வகை: நீராவி பாய்லருக்குள் ஒரு குழாய் ஓடும், காபிக்கான நீர் அதன் வழியே சூடாகி வரும். மெஷின் சும்மா இருந்த பிறகு அந்தக் குழாயில் நிற்கும் நீர் அளவுக்கு மீறிக் கொதித்திருக்கும். கொஞ்சம் நீரை வெளியே விட்ட பிறகே காபி இறக்க வேண்டும். பலர் வீட்டில் முதல் காபி மட்டும் கருகிய மாதிரி கசப்பதற்கு இதுதான் காரணம்.
3. இரட்டை பாய்லர்: காபிக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று. காபி பாய்லரின் சூட்டை பி.ஐ.டி. என்ற மின்னணுக் கட்டுப்பாடு ஒரு பாகைக்குள் நிறுத்தி வைக்கும்.

எந்த வகையானாலும் திரையில் 93 பாகை என்று காட்டியதும் காபி இறக்கிவிடாதீர்கள். அது பாய்லரின் சூடு. ஈ61 போன்ற தலைப்பகுதி சில கிலோ எடையுள்ள பித்தளை, அது முழுக்கச் சூடேற அரை மணி நேரமாவது வேண்டும். கைப்பிடியோடு கூடிய வடிகட்டியையும் பூட்டியே சூடாக்குங்கள். காலை ஆறு மணிக்குக் காபி வேண்டுமென்றால் ஐந்தே காலுக்கு மெஷின் ஓட வேண்டும்.

## தண்ணீர்: எல்லாவற்றுக்கும் முதல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, வெந்நீர் அண்டாவில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இவை மூன்றும் ஒரே செய்தி: அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். இதைக் கடினத்தன்மை என்கிறோம். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது காரத்தன்மை, அதாவது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டின் அளவு. இரண்டும் அதிகமாக உள்ள நீரைச் சூடாக்கினால் பைகார்பனேட் சிதைந்து கரியமில வாயு வெளியேறும். மிஞ்சுவது சுண்ணாம்பாகப் படியும்.

அண்டாவில் பூத்தால் தேய்த்துக் கழுவலாம். பாய்லருக்குள் கை போகாது. மெஷினுக்குள் நீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, கொஞ்சம் சுண்ணாம்பே அதை அடைக்கும். ஹீட்டர் கம்பியில் படிந்தால் சூடு நீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, கடைசியில் கம்பி கருகும். நீராவி பாய்லர் இன்னும் மோசம். அங்கே 120 பாகைக்கு மேல் சூடு. வெளியேறுவது நீராவி மட்டும், உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். நாளுக்கு நாள் அந்த நீர் கெட்டியாகிக்கொண்டே போகும். வெந்நீர்க் குழாயை வாரத்தில் சில முறை திறந்து ஒரு டம்ளர் நீரை வெளியே விடுவது இதற்காகத்தான்.

காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்படலாம். ஆனால் நாக்குக்கு இனிப்பதை வைத்து பாய்லருக்கு ஏற்ற நீர் என்று முடிவு கட்ட முடியாது. இந்தியக் குடிநீர்த் தரநிலை கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரைகூட அனுமதிக்கிறது. காபித் துறை ஏற்றுக்கொண்ட அளவு 50 முதல் 175, காரத்தன்மை 40 முதல் 70. பாய்லர் உள்ள மெஷினுக்குக் கடினத்தன்மை இந்த வரம்பின் கீழ்ப்பகுதியில் இருப்பதே நல்லது. குடிப்பவருக்குத் தீங்கில்லாத நீர் மெஷினுக்குத் தீங்காகலாம்.

எப்படி அளப்பது? டி.டி.எஸ். மீட்டரை நீரில் விட்டு ஓர் எண்ணைப் படித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்கிறது. அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று பிரிக்காது. மீன் தொட்டிக்கான பொருள் விற்கும் கடைகளில் ஜி.எச்., கே.எச். என்ற பெயரில் சொட்டு மருந்து கிடைக்கும். முதலாவது கடினத்தன்மைக்கு, இரண்டாவது காரத்தன்மைக்கு. குப்பியில் கோடு வரை நீர் எடுத்து, நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ணுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஒரு சொட்டு என்பது ஒரு ஜெர்மன் பாகை, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். கடினத்தன்மைக்கு 3 முதல் 5 சொட்டு, காரத்தன்மைக்கு 3 சொட்டு வந்தால் நிம்மதியாக இருக்கலாம். கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் தனித்தனியே அளந்து பாருங்கள். கிணறும் போர்வெல்லும் ஆண்டு முழுக்க ஒரே தண்ணீரைத் தருவதில்லை.

"சரி, ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிட்டால் போச்சு" என்று தோன்றும். இங்கேதான் எதிர்ப்பக்கத்துத் தவறு நடக்கிறது.

1. உப்பே இல்லாத நீரில் மின்சாரம் பாயாது. பாய்லரில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை மெஷின் மின்கடத்தலை வைத்துத்தான் அறிகிறது. தூய நீரை அது நீர் என்றே உணராமல் மேலும் மேலும் நிரப்பலாம்.
2. காரத்தன்மை இல்லாத நீர் எளிதில் அமிலப் பக்கம் சாய்ந்து செம்பையும் பித்தளையையும் அரிக்கும்.
3. காபியின் புளிப்பை மட்டுப்படுத்துவதும் அதே பைகார்பனேட்தான். அது இல்லாவிட்டால் காபி சுள்ளென்று புளிக்கும்.

உலோகம் இப்படி அரிபடுவதற்கு அரிமானம் என்று பெயர். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது நம் சிக்ரி, பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் துறைகளில் அரிமானமும் ஒன்று. கடலோரப் பாலத்துக்கும் அடுப்படி பாய்லருக்கும் வேதியியல் ஒன்றுதான். குறிப்பாகக் குளோரைடு: உவர்த்தண்ணீரில் மிகுந்திருக்கும் இது துருப்பிடிக்காத எஃகிலும் ஊசிமுனை அளவுக்குக் குழி போடும். குடிநீரில் 250 மில்லிகிராம் வரை ஏற்கப்படுகிறது, மெஷின் தயாரிப்பாளர்களோ அதைவிடப் பலமடங்கு குறைவாகக் கேட்பார்கள். மென்நீராக்கும் வடிகட்டிகள் கால்சியத்தை எடுக்கும், குளோரைடைத் தொடாது. உப்புக் கரிக்கும் போர்வெல் நீரை எந்த நிலையிலும் மெஷினில் ஊற்றக் கூடாது.

நடுவழி எளியது. ஆர்.ஓ. நீர் அல்லது கிட்டத்தட்ட உப்பில்லாத கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டு, உணவுத் தரமுள்ள பொட்டாசியம் பைகார்பனேட்டை லிட்டருக்கு 100 மில்லிகிராம் சேர்க்க வேண்டும். அவ்வளவு சிறிய அளவை நிறுப்பது சிரமம். அதனால் 10 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 10 மில்லி எடுத்து ஒவ்வொரு லிட்டருக்கும் கலந்தால் கணக்குச் சரி. காரத்தன்மை 50 ஆகும். கால்சியம் இல்லாததால் சுண்ணாம்பு படியவே படியாது. கேன் தண்ணீரில் கம்பெனிக்குக் கம்பெனி உப்பின் அளவு வேறுபடும் என்பதால் புதிய கேனை ஒரு முறை சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நல்ல கிணற்று நீரை ஆர்.ஓ. நீரோடு கலப்பதும் உண்டு. கடினத்தன்மை 400 உள்ள நீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. ஏழு பங்கு என்றால் கலவையில் 50 வரும். குளோரைடு குறைவாக இருந்தால் மட்டுமே இந்த வழி.

முற்றத்துக் கூரையில் விழும் மழையை அண்டாவில் பிடித்து வைத்த வீடுகள் செட்டிநாட்டு வீடுகள். மழைநீரில் கால்சியமும் இல்லை, காரத்தன்மையும் இல்லை. எனவே வடிகட்டிக் காய்ச்சிய மழைநீருக்கும் மேலே சொன்ன பைகார்பனேட் கணக்கே பொருந்தும். பிடிக்கிற கூரையும் பாத்திரமும் சுத்தமாக இருந்தால் அது அருமையான காபித் தண்ணீர்.

## மின்சாரம்

உயர்தர மெஷினின் ஹீட்டர்கள் 1,400 வாட்டில் தொடங்கி 2,000ஐத் தாண்டும். ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். கீசர் இருக்கிற லைனிலேயே இதையும் கொடுக்க வேண்டாம்.

ஹீட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் திறன் முக்கால் பங்கு இருக்கும் என்று தோன்றும், உண்மையில் 61 சதவீதம்தான் இருக்கும். 1,500 வாட் ஹீட்டர் 920 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. சூடேறுவது தாமதமாகும், அடுத்தடுத்துக் காபி இறக்கினால் நீராவி சோர்ந்துவிடும். அதிர்வு பம்ப் உள்ள மெஷின்களில் அழுத்தமும் இறங்கும். மாலையில் மட்டும் காபி நீர்த்துப்போகிறது என்றால் அந்த நேரத்து வோல்டேஜை முதலில் பாருங்கள். ஸ்டெபிலைசர் வாங்கினால் மெஷினின் வாட்டைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாத திறனுள்ளதாக வாங்க வேண்டும். விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்த வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்ட முடியாது.

எர்த் விஷயத்தில் சமாதானமே கூடாது. பழைய வீடுகளில் இரண்டு கம்பி வயரிங் இன்னும் இருக்கிறது. தண்ணீரும் உலோகமும் மின்சாரமும் ஒன்றாகச் சேர்கிற கருவி இது. மூன்றாவது கம்பி உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துச் சோதித்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்ட பிறகே மெஷினை வையுங்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் மெஷின்களுக்கு வோல்டேஜ் நம்முடையதே, பிளக்தான் வேறு. மலிவான மாற்றுப் பிளக் இவ்வளவு ஆம்பியரில் உருகும். பிளக்கையே மாற்றிவிடுவது நல்லது. அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதைக் கொண்டுவராமல் இருப்பதே மேல்.

## கொட்டையும் கிரைண்டரும்

கையில் இருக்கும் தொகை முழுவதையும் மெஷினில் போட்டுவிட்டு, கடையில் அரைத்த தூளை வாங்குவதுதான் நான் பார்க்கிற பெரிய தவறு. காபி இறங்கும் வேகத்தைத் தீர்மானிப்பது அரைப்பு. அரைத்த தூளை மறுபடி திருத்த முடியாது. மெஷின் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, எஸ்பிரெசோவுக்கென்று செய்த பர் கிரைண்டர் வேண்டும். பர் என்றால் இடையே சீரான இடைவெளி விட்டுச் சுழலும் இரண்டு பல்சக்கரங்கள். மிக்ஸி பிளேடு மாவும் குருணையுமாகத்தான் தரும்.

சிக்கரி கலந்த தூளை இந்த மெஷினில் போட வேண்டாம். சிக்கரி சட்டென்று கரைந்து பிசுபிசுக்கும், வடிகட்டியை அடைக்கும். ஃபில்டருக்கு அது அழகு, அதன் இடம் அங்கே.

கொட்டையைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். பழனி மலைத்தொடரின் தாண்டிக்குடிப் பக்கமும் ஏற்காட்டிலும் விளைவது நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குடகும் சிக்கமகளூரும் அதற்கு அடுத்து. மழைக்காற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தும் மான்சூன்ட் மலபார் இத்தாலியக் கலவைகளிலேயே இடம்பிடித்தது, புளிப்புப் பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. பாலோடு குடிப்பவர்கள் அரேபிகாவுடன் கால் பங்கு நல்ல ரொபஸ்டா சேர்ந்த கலவையை எடுக்கலாம். கிரேமாவும் நிற்கும், பாலுக்குள் காபி தொலையாது.

வறுத்த தேதி போட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். வறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆன பிறகு, அடுத்த மூன்று வாரத்துக்குள் நல்ல ருசி இருக்கும். சித்திரை வெயிலில் திறந்த டப்பா சீக்கிரம் பழசாகும். நிறைய வாங்கினால் சிறு சிறு காற்றுப்புகாத பைகளாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்து, தேவைக்கு ஒரு பை மட்டும் எடுங்கள்.

## அளவைப் பிடிப்பது எப்படி?

நகைக்கடைகளில் இருப்பது போல 0.1 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். கண்ணளவு இங்கே உதவாது.

1. 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 93 பாகை. இதிலிருந்து தொடங்குங்கள்.
2. தூளை மெல்லிய ஊசியால் கிளறிக் கட்டியில்லாமல் பரப்பி, சாயாமல் அழுத்துங்கள். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் நீர் அந்த வழியே வாய்க்கால் வெட்டி ஓடிவிடும். அப்போது புளிப்பும் கசப்பும் ஒரே டம்ளரில் வரும்.
3. 36 கிராம் 15 விநாடியில் வந்துவிட்டால் இன்னும் நைசாக அரையுங்கள். 45 விநாடி ஆனால் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். தூளின் எடையை மாற்றாதீர்கள்.
4. நேரம் சரியான பிறகும் புளித்தால் 40 கிராம் வரை இறக்குங்கள் அல்லது சூட்டை ஒரு பாகை ஏற்றுங்கள். கசந்தால் எதிர்ப்பக்கம் போங்கள். கருக வறுத்த கொட்டைக்கு 90, 91 பாகை போதும்.
5. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

அடைமழை நாளில் நேற்றைய அரைப்பு இன்றைக்குச் சரிவராமல் போகலாம். கொட்டை ஈரத்தை இழுத்திருக்கும். அது மெஷின் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் கலைத்துப் போடாமல், அரைப்பை மட்டும் கொஞ்சம் திருத்துங்கள்.

## பால்

நம் பழக்கம் பாலைப் பொங்கக் காய்ச்சுவது. நீராவிக் குழாயில் நுரைக்க அது ஏற்றதல்ல. பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலை நேராகவே நுரைக்கலாம். ஆவினில் 4.5 சதவீதம் கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட் நன்றாக வரும், 6 சதவீத ஆரஞ்சுப் பாக்கெட் இன்னும் கனமான சுவை தரும். பால்காரர் ஊற்றும் பாலைக் காய்ச்சியே ஆக வேண்டும். காய்ச்சி, ஆடையை வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்து அப்புறம் நுரைக்கலாம். 60 முதல் 65 பாகையில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு போய்க் காய்ச்சிய வாடை வந்துவிடும். ஆவி பறக்கக் குடித்துப் பழகியவருக்கு இது ஆறிய காபி போலத் தோன்றும். டவராவையும் டம்ளரையும் வெந்நீரில் சூடாக்கி வைத்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

குழாயை உடனே துடைத்து, ஒரு விநாடி ஆவி விடுங்கள். நம் வெயிலில் பால் அரை மணி நேரத்தில் அதற்குள் கெடும்.

## சுத்தமும், பூட்டிய வீடும்

தினமும் கடைசிக் காபிக்குப் பிறகு துளையில்லாத வடிகட்டியைப் பூட்டி, நீரைப் பின்னோக்கித் தள்ளிக் கழுவுங்கள். வாரம் ஒரு முறை அதற்கான பொடி போட்டுச் செய்யுங்கள். இந்த வசதிக்கான வால்வு இல்லாத மெஷின்களும் உண்டு, கையேட்டைப் பார்த்துவிடுங்கள். பழைய காபி எண்ணெயின் சிக்கு வாடை வேறெந்த வழியிலும் போகாது. சுண்ணாம்பு நீக்கும் அமிலத்தைச் சின்ன மெஷினில் கையேடு சொன்னபடி பயன்படுத்தலாம். இரட்டை பாய்லர் மெஷினில் சொந்தமாகச் செய்ய வேண்டாம். பெயர்ந்து வரும் துணுக்கு நுண்துளைகளை அடைத்தால் பழுது இன்னும் பெரிதாகும்.

செட்டிநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கே நிறைய. மாதக்கணக்கில் பாய்லரில் நின்ற நீர் கெடும், உலோகத்தைத் தின்னும், ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும். ஊருக்குக் கிளம்பும் முன் தொட்டியைக் காலி செய்து உலர்த்துங்கள், பாய்லரையும் கையேட்டில் சொன்ன முறைப்படி வடித்துவிடுங்கள், வடிகட்டியைப் பூட்டாமல் கழற்றி வையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். கிரைண்டரில் ஒரு கொட்டைகூட இருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் புது நீர் நிரப்பி, காபி வாயிலும் வெந்நீர்க் குழாயிலும் ஒவ்வொரு லிட்டர் வெளியே விட்டு, நீராவியையும் ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். பிறகு கைப்பிடியைப் பூட்டிப் பார்த்து, ஓரத்தில் நீர் கசிந்தால் ரப்பர் வளையத்தை மாற்றிவிடுங்கள்.